இஸ்திகாராவில் வந்த பதில்

மார்ச் 2, சனி

ஹுஸ்னாவின் பழைய கல்லூரி நோட்டில் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முன்பக்கம் முழுக்க அவளுடைய வணிகவியல் பாடம். யாரும் எடுத்துப் புரட்டப் போவதில்லை. வாய்விட்டுச் சொல்ல ஆளில்லாதவள் எழுதித்தான் தொலைக்க வேண்டும்.

இன்று தூத்துக்குடிக்குப் போனேன். கண் டாக்டரைப் பார்க்கப் போவதாக மகளிடம் சொன்னேன். கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை. போனது ஒரு கைரேகைக்காரனிடம்.

எழுதிவிட்டேன். எழுதியதைத் திரும்பப் பார்க்கவே கூசுகிறது. காயல்பட்டினத்தில் எங்கள் தெருப் பெண்கள் தொழவும் ஓதவும் கூடுகிற தைக்காவில் பதினோரு வருஷமாகக் குர்ஆனும் ஹதீஸும் ஓதிக்கொடுக்கிற ஜுலைகா உஸ்தாதம்மா, முகத்தை மூடிக்கொண்டு, ஒரு தையல் கடையின் மாடிக்குப் படியேறிப் போனாள்.

விலாசம் எப்படிக் கிடைத்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். போன வருஷம் தஸ்லீமா என்கிற பெண்ணின் கிதாபுக்குள்ளிருந்து அவனுடைய விசிட்டிங் கார்டு விழுந்தது. சவூதியிலிருக்கும் புருஷன் ஆறு மாதமாகப் பேசவில்லையாம், உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கப் போயிருக்கிறாள். முப்பது பெண்களுக்கு நடுவில் அவளை எழுப்பி நிறுத்தினேன். குறிகாரனிடம் போய் ஒன்றைக் கேட்டவருடைய தொழுகை நாற்பது நாள் ஏற்றுக்கொள்ளப்படாது என்கிற ஹதீஸை அரபியிலும் தமிழிலும் சொன்னேன். "போய் நாப்பது நாளையும் எண்ணு" என்றேன். அழுதுகொண்டே போனவள் அப்புறம் தைக்கா பக்கமே வரவில்லை. கார்டை நான் பிடுங்கிக்கொண்டேன். கிழித்துப் போட்டிருக்கலாம். கிழிக்கவில்லை.

போனது ஹுஸ்னாவுக்காக. ரஹ்மத்து லாத்தா தன் மகன் சுஐபுக்கு அவளைக் கேட்டிருக்கிறார். நல்ல குடும்பம். பையன் ஹாங்காங்கில் ரத்தினக்கல் கடையில் இருக்கிறான். இப்போது லீவில் வந்திருக்கிறான், பெருநாள் கழிந்ததும் போய்விடுவான். ஹுஸ்னா வாயால் சரி என்று சொல்லவில்லை. ஆனால் மாடி அறை ஜன்னலுக்குத் திரைச்சீலை அளவெடுத்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் ஊரில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அந்த அறையை அதற்காகத்தான் கட்டினேன். இப்போது அங்கே ஏறிப் போனால் உடனே இறங்கி வந்துவிடுகிறேன். இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த ஹுஸ்னாவின் வாப்பாவை இதே வாசல் வழியாகத்தான் சந்தூக்கில் வைத்து அடக்கம் செய்யத் தூக்கிப் போனார்கள்.

கைரேகைக்காரனுக்கு ஐம்பது வயதிருக்கும். சுத்தமான வெள்ளைச் சட்டை. ஹுஸ்னாவின் உள்ளங்கைப் படம் என் போனில் இருந்தது. மருதாணி வைக்கிறவளுக்கு அளவு அனுப்ப வேண்டும் என்று அவளிடம் ஒரு பொய் சொல்லி எடுத்தேன். அதைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி, பெரிதாக்கிப் பார்த்தான்.

"பொண்ணுக்கு அப்பா இருக்காரா தாயி?"

"இல்லை."

"எப்ப தவறுனாரு?"

"கல்யாணமாகி ரெண்டாம் வருஷம். மாரடைப்பு. இவ அப்ப எட்டு மாசக் கைக்குழந்தை."

"ம்ம்" என்றான். விரலால் அப்படியும் இப்படியும் படத்தை நகர்த்தினான். என் பூர்வீகம், மாப்பிள்ளையின் வேலை என்று ஏதேதோ கேட்டான். வெகுநேரம் கழித்து, "தாய்க்கு உள்ளது மகளுக்கும் வருது தாயி. ரெண்டாம் வருஷத்துல மாப்பிள்ளைக்கு ஒரு கண்டம் இருக்கு" என்றான்.

ரெண்டாம் வருஷம் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்!

நான் நம்பவில்லை. சும்மா கேட்டேன், அவ்வளவுதான்.

வீடு வந்து மாலை அஸர் தொழத் தக்பீர் கட்டியதும் தஸ்லீமாவின் முகம் வந்து நின்றது. நாற்பது நாள். இன்றிலிருந்து எண்ணினால் ஏப்ரல் பத்து. அதற்கு மறுநாள் அநேகமாகப் பெருநாள். அப்படியென்றால் ரமலான் முழுசும் போச்சு.


மார்ச் 3, ஞாயிறு

ஐந்து வேளையும் தொழுதேன். ஏற்கப்படாது என்று தொழாமல் இருந்துவிட முடியாது. கடமை கடமைதான், நன்மைதான் கிடைக்காது. நானே நடத்திய பாடம். ஊறப்போட்ட உளுந்தை மறந்துவிட்டேன், புளித்து நாறிப்போனது.


மார்ச் 5, செவ்வாய்

ரஹ்மத்து லாத்தா தட்டு நிறையப் பணியத்தோடு வந்தார்.

"என்ன முடிவு சொல்றீங்க உஸ்தாதம்மா? மவன் வெட்கப்பட்டுக்கிட்டு வாயைத் தொறக்க மாட்டேங்குறான். ஆனா காலையிலருந்து ரெண்டு தரம் கேட்டுட்டான், அவங்க வீட்டுல என்ன சொன்னாஹன்னு."

என்ன சொல்வேன்? படிப்பா, குணமா, மார்க்கமா, எதில் குறை கண்டுபிடிப்பேன்? வாய் தானாகச் சொன்னது: "இஸ்திகாரா தொழுதேன் லாத்தா. சரியா வரலை."

ஒரு காரியத்தில் இறங்குமுன், இது எனக்கு நல்லதா என்று அல்லாஹ்விடம் கேட்டு இரண்டு ரக்அத் தொழுவதுதான் இஸ்திகாரா. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது. சம்பந்தம் வேண்டாம் என்பதை யாரும் நோகாமல் சொல்லவும் அதைத்தான் சொல்வார்கள். மற்றவர்கள் சொன்னால் பாதி நம்புவார்கள். நான் சொன்னால் முழுசாக.

லாத்தாவின் முகம் செத்துப்போனது. "என்னமும் கண்டீங்களா? கனவா?"

"இருட்டா இருந்துச்சு லாத்தா. அவன் நின்ன இடம் மட்டும் இருட்டு."

ஏன் அதையும் சேர்த்தேன்? இஸ்திகாராவுக்குக் கனவு வரவேண்டும் என்கிற அவசியமே இல்லை என்று வருஷா வருஷம் தொண்டை கிழியச் சொல்கிறவள் நான்தான். ஒரு பொய் சொன்னவளுக்கு அது நிற்க ஒரு முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பணியத் தட்டைத் திரும்பக் கொடுக்கக் கூட மறந்து லாத்தா போய்விட்டார்.


மார்ச் 6, புதன்

"எப்ப தொழுதீங்க உம்மா? நான் பார்க்கவே இல்லையே."

"நீ தூங்கும்போது."

ஹுஸ்னா திரைச்சீலை அளவு எழுதிய காகிதத்தை எடுத்தாள். "சரி. அல்லாஹ் வேணாம்னா வேணாம்" என்றாள். அதை நாலாக மடித்துக் குப்பையில் போடாமல் மேசை இழுப்பறையில் வைத்தாள். என்னோடு சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.


மார்ச் 9, சனி

எட்டாம் நாள். மாவு மில்லுக்குப் போய் வந்தேன். அவன் சொன்னதை நம்பவில்லை என்று முன்பே எழுதியிருக்கிறேன்.


மார்ச் 12, செவ்வாய்

முதல் நோன்பு. தைக்காவில் பெண்களுக்கு ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹ் தொழவைப்பது வழக்கமாக நான்தான். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி என் மாணவி ஸாலிஹாவை முன்னால் நிறுத்தச் சொன்னேன். என் தொழுகைக்கே கதியில்லை, நாற்பது பேருக்கு முன்னால் எந்த முகத்தோடு நிற்பது?

பொழுது சாய்ந்து மஃரிபு வருவதற்குள் ஐந்து வீட்டிலிருந்து பிளாஸ்க் வந்துவிட்டது. இஞ்சிக் கஷாயம், பனங்கற்கண்டுப் பால், மிளகு ரசம். "எங்க உஸ்தாதம்மா குரல் இல்லாம ரமலானே இல்ல" என்று ஒரு சீட்டு வேறு. எல்லாவற்றையும் குடித்துத் தொலைத்தேன். தொண்டையில் ஒன்றுமில்லாதவளுக்கு இத்தனை கஷாயம் ஆகுமா? வயிறு எரிகிறது.


மார்ச் 16, சனி

இன்று வகுப்பு முடியும் நேரத்தில் ரஹ்மத்து லாத்தா கையைத் தூக்கினார். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"பொதுவா ஒரு சந்தேகம் உஸ்தாதம்மா. ஒரு ஆளைப் பத்தி இஸ்திகாராவுல கெட்டதா வந்துச்சுன்னா, அந்த ஆளு ஏதோ ஒளிச்சு வெச்சிருக்கான்னு அர்த்தமா?"

பொதுவாக என்றார். அங்கிருந்த யாருக்கும் விஷயம் தெரியாது. எனக்கும் அவருக்கும் மட்டும்தான். கண்ணில் அப்படி ஒரு பயம்.

"அப்படி இல்லை லாத்தா" என்றேன். "நமக்கு ஒத்துவராதுன்னுதான் அர்த்தம். அவங்க பேர்ல குத்தம்னு அர்த்தமில்லை."

"அப்ப இருட்டு எதுக்கு வரணும்?"

கடிகாரத்தைப் பார்த்துவிட்டு துஆ ஓதி வகுப்பை முடித்தேன். பன்னிரண்டு நிமிஷம் மிச்சமிருந்தது.


மார்ச் 17, ஞாயிறு

அல்லாஹ் மறைத்த பாவத்தை நாமே ஊர் முழுக்கச் சொல்லித் திரியக் கூடாது. இது மார்க்கம். நான் புதிதாக உண்டாக்கவில்லை. தவ்பா செய்துவிட்டேன், மன்னிப்புக் கேட்டு அழுதும் விட்டேன். ஆகவே சொல்ல வேண்டியதில்லை.

கிதாபில் அடுத்த வரியில், அந்தப் பாவத்தால் இன்னொருவருக்குக் கேடு வந்திருந்தால் அதைச் சரிசெய்யாமல் தவ்பா நிறைவேறாது என்று இருக்கிறது. அந்தப் பக்கத்தை இன்று படிக்கவில்லை. மனப்பாடமாகத் தெரியும் என்பதால்.


மார்ச் 22, வெள்ளி

ஜும்ஆ நேரம், தெருவில் ஆண்கள் யாரும் இல்லை. ரஹ்மத்து லாத்தா பின்வாசல் வழியாக வந்தார். உட்காரச் சொன்னேன். தரையில் உட்கார்ந்தார்.

"அவனைக் கேட்டுட்டேன் உஸ்தாதம்மா. அங்க யார்கிட்டயும் தொடுப்பு இருக்கா, குடி கிடி இருக்கா, எதையாவது மறைக்கிறியான்னு கேட்டேன். குர்ஆன் மேல கை வெச்சு சத்தியம் பண்ணுறான், ஒண்ணுமில்லைன்னு. மூணு நாளா நோன்பு தொறக்க வீட்டுக்கு வர்றதில்ல. பள்ளிவாசல்லயே கஞ்சியக் குடிச்சிட்டு அங்கயே இருக்கான்."

"சத்தியம் பண்ணுனப்புறம் விட்டுடுங்க லாத்தா."

"எப்படி விடுவேன்? அல்லாஹ் காட்டுனதை நம்பவா, மவன் சொல்றதை நம்பவா?"

அந்த இடத்திலேயே நிலம் பிளந்து நான் உள்ளே போயிருக்கலாம். "அழாதீங்க லாத்தா" என்று சொல்லித் தண்ணீர் எடுத்து நீட்டினேன். நோன்பு என்பதே மறந்துவிட்டது. அவர் தண்ணீரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.


மார்ச் 27, புதன்

காலை பத்து மணிக்குப் போனில் செய்தி. கைரேகைக்காரன்.

"அம்மா வணக்கம். அன்னைக்கு அனுப்புன படத்தை மறுபடி பார்த்தேன். அது வலது கை. பெண் பிள்ளைகளுக்கு இடது கைதான் பார்க்கணும். இடது கை படம் அனுப்புங்க. கண்டம் இல்லாமலும் இருக்கலாம்."

படித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவேன்! அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன். இருபத்தாறு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. துப்பட்டியைப் போட்டுக்கொண்டு நேரே ரஹ்மத்து லாத்தா வீட்டுக்குப் போனேன்.

"லாத்தா, மனசு கேக்கலை. மறுபடி ஒரு தடவை இஸ்திகாரா தொழுது பார்க்கலாம்னு இருக்கேன்."

லாத்தா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அப்ப அது மாறுமா உஸ்தாதம்மா? அவன் தவ்பா செஞ்சான்னா மாறுமா?"

"மாறலாம்" என்றேன்.

திரும்பி வரும்போதுதான், பாதி வழியில், எனக்கு உறைத்தது. நான் அல்ஹம்துலில்லாஹ் சொன்னது யாருடைய வார்த்தைக்கு? நம்பவில்லை, நம்பவில்லை என்று இந்த நோட்டில் எத்தனை தடவை எழுதினேன். நம்பாதவளுக்கு இந்தச் சந்தோஷம் எங்கிருந்து வந்தது?


மார்ச் 28, வியாழன்

மதியம் ஹுஸ்னா தூங்கிக்கொண்டிருந்தாள். நோன்புக் களைப்பு. இடது கை தலையணை மேல் விரிந்து கிடந்தது.

நேற்று எழுதியதெல்லாம் நான்தான் எழுதினேன். இன்று போனை எடுத்துக்கொண்டு கட்டிலருகே குனிந்தவளும் நான்தான். ஒரே ஒரு படம், அவன் என்ன சொல்கிறான் என்று தெரிந்துகொள்ள மட்டும். சூடு கண்டும் போகிற இந்தப் புத்தியை என்ன சொல்ல!

போன் கிளிக் என்றது. ஹுஸ்னா கண்ணைத் திறந்தாள்.

"என்ன செய்றீங்க உம்மா?"

"கொசு" என்றேன்.

அவள் எழுந்து உட்கார்ந்து போனை வாங்கினாள். நான் தடுக்கவில்லை. தடுக்கக் கையும் வரவில்லை. படத்தைப் பார்த்தாள். மேலே அவன் செய்தியைப் படித்தாள். அதற்கு மேலே மார்ச் இரண்டாம் தேதி நான் அனுப்பிய வலது கைப் படம்.

"இதுதான் இஸ்திகாராவா?"

எல்லாவற்றையும் சொன்னேன். தையல் கடை மாடி, ரெண்டாம் வருஷம், கண்டம். நான் முடித்ததும் கேட்டாள்.

"வாப்பா மௌத்தானப்போ உங்களை என்ன சொன்னாஹ?"

அது அவளுக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னதே இல்லை. என் மாமியார் சந்தூக்குக்குப் பக்கத்தில் நின்றே சொன்னார், கை ராசி இல்லாதவ, வந்த மாப்பிள்ளையைத் தின்னுட்டா என்று. அந்தச் சொல்லால் ஒரு வருஷம் நான் கண்ணாடி பார்க்கவில்லை.

"ஊர்ல எல்லாருக்கும் தெரியும்மா" என்றாள். "அவங்க உங்க கையைச் சொன்னாஹ. நீங்க என் கையை ஒருத்தன்கிட்ட காட்டி அதையே சொல்ல வெச்சுட்டீங்க."

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"குறி கேட்டது உங்களுக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ளது. அதுல நான் வரலை. அல்லாஹ் சொன்னான்னு ரஹ்மத்து மாமிட்ட சொன்னீங்களே, அதை யார் போய்ச் சரி பண்ணுவா?"


மார்ச் 29, வெள்ளி

முதல் நாள் எழுதியதைப் புரட்டிப் படித்தேன். "கல்யாணமாகி ரெண்டாம் வருஷம்" என்று அவனிடம் சொன்னவள் நான். என் கையெழுத்திலேயே இருக்கிறது. பத்து வரி கழித்து, அவனுக்கு எப்படித் தெரியும் என்று வாயைப் பிளந்தவளும் நானே. இத்தனை கிதாப் ஓதிக்கொடுத்தவள்! சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

அவன் எண்ணை அழித்தேன். கார்டைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.


ஏப்ரல் 1, திங்கள்

நேற்று மாலையிலிருந்து சுஐப் பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருக்கிறான். ரமலானின் கடைசிப் பத்து நாளும் பள்ளியை விட்டு வெளியே வராமல் வணக்கத்திலேயே இருப்பது. ரஹ்மத்து லாத்தாதான் இருக்கச் சொன்னாராம். ஸாலிஹா சொன்னாள், "சின்ன வயசுல எவ்வளவு பயபக்தி பாருங்க" என்று.

பயபக்தி! நான் மறுபடி இஸ்திகாரா தொழுவதற்குள் அவன் பாவத்தைக் கரைக்கட்டும் என்று அவன் உம்மா உள்ளே அனுப்பியிருக்கிறார். இல்லாத பாவத்தை எதில் போட்டு அவன் கரைப்பான்?

ஹுஸ்னா என்னோடு பேசுவதில்லை. நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத் தட்டை மட்டும் என் பக்கம் தள்ளுகிறாள்.


ஏப்ரல் 3, புதன்

பெருநாள் கழியட்டும் என்று நினைத்தேன். அவன் பெருநாளுக்கு மறுநாள் விமானம் ஏறுகிறான். கழியட்டும் என்றால் போகட்டும் என்று அர்த்தம்.

உண்மையாகவே இஸ்திகாரா தொழுது கேட்கலாமா என்றும் பார்த்தேன். கேட்பதற்கு என்ன இருக்கிறது? போய்ச் சொல்வதா வேண்டாமா என்பதில் சந்தேகமே இல்லையே. எனக்கு இருப்பது பயம் மட்டும்தான்.


ஏப்ரல் 6, சனி

மதியம் லுஹர் தொழுதுவிட்டு லாத்தா வீட்டுக்குப் போனேன். ரஹ்மத்து லாத்தா கஞ்சிக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"தொழுதாச்சா உஸ்தாதம்மா? என்ன வந்துச்சு?"

"நான் தொழவே இல்ல லாத்தா. இப்பவும் இல்ல, அன்னைக்கும் இல்ல."

அவருக்குப் புரியவில்லை. "அப்ப அந்த இருட்டு?"

"பொய். தூத்துக்குடியில ஒருத்தன்ட்ட ஹுஸ்னா கையைக் காட்டிக் குறி கேட்டேன். அவன் சொன்னதுக்குப் பயந்து உங்கள்ட்ட இஸ்திகாரான்னு சொன்னேன்."

வகுப்பில் சொல்வதுபோல் கோர்வையாகச் சொல்ல ஒத்திகை பார்த்துப் போயிருந்தேன். இவ்வளவுதான் வந்தது. திட்டுவார், கையில் இருப்பதை வீசுவார் என்று காத்திருந்தேன்.

"என் மவன் மேல ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமில்ல லாத்தா."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே இல்ல."

லாத்தா எழுந்தார். கையைக் கழுவவில்லை. துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே நடந்தார், ஒரு காலில் தன் செருப்பு, மற்றதில் வேறு யாருடையதோ. எங்கள் ஊரில் பெண்கள் நடக்கவென்றே வீடுகளுக்குப் பின்னால் முடுக்குச் சந்துகள் உண்டு. அறுபதை நெருங்கும் அந்த மனுஷி முடுக்குப் பக்கம் திரும்பாமல் நடுத்தெருவில், ஆண்களுக்கு ஊடே நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

பள்ளிவாசல் வாசற்படிக்கு நேரே போய் நின்றார். தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளுச் செய்துவிட்டு வந்த ஒருவரிடம், "சுஐபைக் கூப்பிடுங்கோ. அவன் உம்மா வந்திருக்கேன்னு சொல்லுங்கோ" என்றார்.

சுஐப் தாடி வளர்ந்து இளைத்துப்போயிருந்தான். வாசற்படிக்கு உள்ளேயே நின்றுவிட்டான். வெளியே கால் வைத்தால் இஃதிகாஃப் முறிந்துவிடும்.

"வாப்பா, ஒம்மேல ஒரு குத்தமும் இல்லப்பா. அல்லாஹ் ஒண்ணும் காட்டலை. யாரும் ஒண்ணும் காட்டலை. உம்மாதான் உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன் ராசா."

அவன் காலை நகர்த்தாமல், உடம்பை வளைத்து, இரண்டு கையையும் படிக்கு வெளியே நீட்டினான். லாத்தா அவற்றைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பூண்டுக் கையோடு. தெருவில் போனவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

அவன் நிமிர்ந்தபோது தூரத்தில் நின்ற என்னைப் பார்த்தான். பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான், பெரியவர்களுக்குக் கொடுக்கிற மரியாதையாக. அவன் காறித் துப்பியிருந்தால் கூட நான் தாங்கியிருப்பேன்.


ஏப்ரல் 8, திங்கள்

ரஹ்மத்து லாத்தா வந்தார். உட்காரவில்லை. உஸ்தாதம்மா என்று கூப்பிடவில்லை.

"ஜுலைகா, ஹுஸ்னா எனக்கு வேணும். அவன்ட்டயும் கேட்டுட்டேன். ஆனா என் மவன் உன் வீட்டு மாடியில இருக்க மாட்டான். ஹுஸ்னா என் வீட்டுக்கு வரணும்."

"ஊர்ல இல்லாத வழக்கமா இருக்கே லாத்தா" என்றேன்.

"ஆமா, இல்லாத வழக்கம்தான். ஆனா அவனுக்கு ஒரு தலைவலி வந்தாலும் நீ அவன் முகத்தைப் பார்ப்பே. ரெண்டு வருஷமும் நாளை எண்ணிக்கிட்டே அவனுக்குச் சோறு போடுவே. உன்னால எண்ணாம இருக்க முடியாது. அந்தச் சோறு என் மவனுக்கு வேணாம்."

மறுத்துப் பேச வாயெடுத்தேன். எண்ணத்தான் செய்வேன். அவர் சொன்னது அத்தனையும் உண்மை.

ஹுஸ்னா உள்ளேயிருந்து வந்து நின்றாள். "நான் வர்றேன் மாமி" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். பதினோரு நாளுக்குப் பிறகு என்னிடம் பேசினாள். "வீட்டைப் பூட்டிக்கிட்டு அழுதுக்கிட்டு இருக்கக் கூடாது உம்மா. நான் தினமும் வருவேன்."

அவர் போனபிறகு மாடிக்குப் போய் ஜன்னலைத் திறந்து வைத்தேன். அறை முழுக்கப் பெயின்ட் வாசனை. இன்னும் போகவில்லை.


ஏப்ரல் 9, செவ்வாய்

தஸ்லீமா வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு எல்லோர் முன்னாலும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று சொன்னேன். "பரவாயில்லை உஸ்தாதம்மா" என்றாள், கண்ணைப் பார்க்காமல். புருஷன் வேறு கம்பெனி மாறி, இப்போது பேசுகிறாராம். என் விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. நாக்கின் நுனி வரை வந்தது, உள்ளே போய்விட்டது.


ஏப்ரல் 10, புதன்

நாற்பதாம் நாள். ரமலானும் இன்றோடு முடிகிறது. ஆனால் அந்தச் செய்தியைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட நாளிலிருந்து மறுபடி எண்ண வேண்டுமோ? அப்படியென்றால் மே ஐந்து. படம் எடுத்த நாளிலிருந்து என்றால் ஆறு.

போதும். இனி எண்ணுவதில்லை. தொழுவது மட்டும்தான் என் வேலை. ஏற்பதும் தள்ளுவதும் அவன் வேலை.


ஏப்ரல் 11, வியாழன்

பெருநாள். தொழுகை முடிந்து தைக்காவில் எல்லோரும் கைகொடுத்து முஸாபஹா செய்துகொண்டிருந்தார்கள். புதுத்துணி, அத்தர், குழந்தைகள் கத்தல். ஹுஸ்னாவும் ரஹ்மத்து லாத்தாவும் ஜன்னலோரம் நின்றார்கள். கடைசி வரிசையில் தஸ்லீமா. வந்திருந்தாள்.

ஸாலிஹாதான் ஆரம்பித்தாள். "முபாரக் உஸ்தாதம்மா! ஹுஸ்னாவுக்கு முடிவாயிடுச்சாமே. ஆனா அவ மாப்பிள்ளை வீட்டுக்குப் போறாளாமே? மாடி கட்டி வெச்சுட்டு இது என்ன புதுசா? இஸ்திகாராவுல அப்படி வந்துச்சா?"

சுற்றியிருந்த பத்துப் பன்னிரண்டு பேர் திரும்பினார்கள். பதிலை அவளே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள். ஆமாம் என்று ஒரு தலையசைப்புப் போதும். ஊர் வாயை அடைக்க அதைவிட நல்ல சொல் கிடையாது. ரஹ்மத்து லாத்தா என்னைப் பார்க்கவில்லை. ஹுஸ்னா பார்த்தாள்.

"இஸ்திகாரா இல்லை ஸாலிஹா" என்றேன். எல்லோருக்கும் கேட்டது. "நான் ஒரு கைரேகைக்காரன்ட்ட போய் என் மவ கையைக் காட்டிக் குறி கேட்டேன். அதை இஸ்திகாரான்னு சொல்லி ரஹ்மத்து லாத்தாவை ஏமாத்துனேன். என்னை நம்பி மவனை என் வீட்டுக்கு அனுப்ப அவங்களுக்கு மனசு வரலை. அது நியாயம்தான்."

ஸாலிஹா அஸ்தக்ஃபிருல்லாஹ் என்று முணுமுணுத்துவிட்டு, அது என் காதில் விழுந்துவிட்டதே என்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஒவ்வொருவராகக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார்கள். சிலர் ஸலாம் சொன்னார்கள், சிலர் சொல்லவில்லை. அடுத்த வகுப்புக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தரையில் கிடந்த பாயைக் குனிந்து சுருட்ட ஆரம்பித்தேன். நீளப் பாய், ஒருத்தியால் சுருட்ட முடியாது, கோணிக்கொண்டே போனது.

கடைசி வரிசையிலிருந்து தஸ்லீமா வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நாப்பது நாளையும் எண்ணுனீங்களா உஸ்தாதம்மா?"

"எண்ணுனேன்."

"நானும்தான்" என்றாள். பாயின் மறுமுனையைப் பிடித்து நேராக இழுத்தாள். இரண்டு பேருமாகச் சுருட்டிச் சுவரோரம் சாய்த்து வைத்தோம்.